டியோடண்ட்: ஆளைக் கொன்ற பொருளின் விலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டம் படிக்கிறேன். பழைய ஆங்கிலச் சட்ட நூல்களைப் புரட்டும்போது டியோடண்ட் என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஓரிடத்தில் அது கடவுளுக்கான காணிக்கை. இன்னோரிடத்தில் அரசரின் வருமானம். ரயில் விபத்து ஒன்றைப் பற்றிப் படித்தபோது அபராதம் என்ற பொருளில் வந்தது. ஆளைக் கொன்ற வண்டியையும் மாட்டையும் பறிமுதல் செய்த மூடவழக்கம், அறிவு வளர்ந்ததும் 1846-ல் ஒழிந்தது என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்?

ம., மதுரை

அன்புள்ள ம.,

மூன்று பொருளும் சரியானவைதான். கையில் இருப்பது எந்த நூற்றாண்டின் ஆவணம் என்று பார்த்துக்கொண்டால் குழப்பம் தீரும். வகுப்பில் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அறிவு வளர்ந்த 18ஆம் நூற்றாண்டை டியோடண்ட் எந்தச் சேதமும் இல்லாமல் கடந்து வந்துவிட்டது. பெரிய முதலாளிகளின் மடியில் அது கைவைத்த பிறகுதான் அதை ஒழிக்கும் அவசரம் வந்தது.

லத்தீனில் 'டியோ டாண்டும்' என்றால் கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது. முட்டிக் கொன்ற மாட்டைக் கல்லெறிந்து கொல்லவேண்டும், அதன் இறைச்சியைத் தின்னக்கூடாது என்ற பைபிளின் யாத்திராகமம் 21:28 இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யாரும் வண்டியை எரிக்கவில்லை. விலை போட்டார்கள்.

நடைமுறை இதுதான். ஒருவர் எதிர்பாராமல் இறந்தால், கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரி வந்து உடலைப் பார்ப்பார். 1194-ல் உருவான பதவி அது. அரசருக்குச் சேரவேண்டிய பணத்தைக் காப்பதே அதன் முதல் வேலை. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜூரிகளைக் கூட்டி இரண்டு கேள்விகள் கேட்பார்: சாவை நோக்கி நகர்ந்த பொருள் எது, அதன் மதிப்பு என்ன? குதிரை, வண்டி, படகு, விழுந்த மரம், கொதிக்கும் அண்டா என்று எதுவாகவும் இருக்கலாம். மதிப்பை எழுதிக்கொண்டு அந்தத் தொகைக்கு ஊரையே பொறுப்பாக்கிவிடுவார்கள். அரச நீதிபதிகள் சுற்றுக்கு வரும்போது ஊர் அதைக் கட்டவேண்டும். சுற்று வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும், குதிரையே செத்திருக்கும். தொகை மட்டும் அப்படியே நிற்கும். எனவே ஊர்கள் விலையைக் குறைத்துச் சொல்லின, சில சமயம் சாவையே மறைத்தன. மறைத்தது தெரிந்தால் தனி அபராதம். வசூலான பணம் அரசரின் தர்மகாரியங்களைப் பார்க்கும் அதிகாரிக்குப் போகும். காணிக்கை என்ற பொருள் இவ்வளவு தூரத்துக்குத்தான் உண்மை. காலப்போக்கில் அரசர்கள் இந்த உரிமையை நிலப்பிரபுக்களுக்கும் நகரங்களுக்கும் எழுதிக்கொடுத்தார்கள். மீன்பிடி உரிமை, சந்தை வரி போன்றவற்றோடு சேர்த்துச் சாசனங்களில் இந்தச் சொல் வந்தால் அது வெறும் வருமான இனம்.

நகர்வு என்பதுதான் இந்தச் சட்டத்தின் உயிர். 1765-ல் வெளிவந்த தன் உரைநூலின் முதல் தொகுதியில் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இதைத் துல்லியமாக விளக்குகிறார். நிற்கும் வண்டியின் சக்கரத்தில் ஏறும்போது ஒருவர் விழுந்து செத்தால் சக்கரம் மட்டும் டியோடண்ட். ஓடும் வண்டி ஏறிச் செத்தால் வண்டி, அதிலுள்ள சரக்கு எல்லாமே டியோடண்ட். ஏனென்றால் அந்தப் பாரமும் சேர்ந்துதான் சக்கரத்தை அழுத்தியது. நன்னீரில் படகிலிருந்து விழுந்து மூழ்கினால் படகு போகும். நடுக்கடலில் நடந்தால் ஒன்றுமில்லை. உரிமையாளர் தவறு செய்தாரா என்ற கேள்விக்கு இடமே கிடையாது. என் வாளால் இன்னொருவர் கொலைசெய்தாலும் போவது என் வாள்தான். அதனால்தான் பழைய கொலைக் குற்றப்பத்திரிகைகளில் 'ஆறு பென்ஸ் மதிப்புள்ள பேனாக்கத்தி' என்று ஆயுதத்தின் விலையும் சேர்த்து எழுதியிருக்கும். படிக்கும்போது அதைக் கவனியுங்கள். வேறெதற்கும் அந்த விலை தேவையில்லை.

ஜூரிகள் இந்தக் கடுமையைப் பெரும்பாலும் மழுப்பிவிட்டார்கள் என்பதையும் பிளாக்ஸ்டோனே சொல்கிறார். முழு வண்டிக்குப் பதில் ஏதோ ஒரு சிறு பாகத்தைக் காரணமாகக் காட்டி அற்பத் தொகை போடுவார்கள். ஏழை வண்டிக்காரரின் பிழைப்பை அழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

பிறகு ரயில் வந்தது. 1841 டிசம்பர் 24 அதிகாலையில், லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டலுக்குப் போன கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் ரயில், ரெடிங் அருகே சானிங்கில் மழையால் சரிந்து கிடந்த மண்மேட்டில் மோதியது. மூன்றாம் வகுப்புப் பயணிகள் கூரையில்லாத திறந்த வண்டிகளில், எஞ்சினுக்கும் பாரமேறிய சரக்கு வண்டிகளுக்கும் நடுவில் இருந்தார்கள். முன்னே எஞ்சின் நின்றது, பின்னே சரக்கு நெருக்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலைபார்த்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிய கல்தச்சர்கள். ஜூரி அந்த எஞ்சின்மீதும் வண்டிகள்மீதும் 1000 பவுண்டு டியோடண்ட் விதித்தது.

இங்கே சொல் மறுபடி உருமாறுகிறது. பொருளின் விலை என்பது போய், கம்பெனிமீது சாதாரண மக்கள் கொண்ட கோபத்தின் அளவாகிறது. அந்தக் கோபத்துக்கு வேறு வழியும் இருக்கவில்லை. பேக்கர் எதிர் போல்டன் என்ற 1808 வழக்கில், ஒரு மனிதரின் சாவைச் சிவில் நீதிமன்றத்தில் இழப்பாகக் காட்டி ஈடு கேட்க முடியாது என்று எல்லன்பரோ பிரபு தீர்த்திருந்தார். குதிரைவண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த கணவருக்கு, மனைவி அடிபட்ட நாளிலிருந்து இறந்த நாள் வரைக்குமான இழப்புக்கு மட்டுமே ஈடு கிடைத்தது. கையொடிந்தால் காசு, செத்தால் ஒன்றுமில்லை. டியோடண்டும் குடும்பத்துக்குப் போகாது. அரசிக்கோ பிரபுவுக்கோ போகும். ஆனாலும் கம்பெனிக்கு வலிக்கும். பல தொகைகளை மேல்நீதிமன்றங்கள் சட்ட நுணுக்கம் காட்டி ரத்துசெய்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

1846-ல் கேம்ப்பெல் பிரபு இரண்டு மசோதாக்களைச் சேர்த்தே நகர்த்தினார். ஒன்று, செப்டம்பர் 1 முதல் டியோடண்டை ஒழித்தது. மற்றது, இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஈடு கேட்கும் உரிமையைத் தந்தது. கம்பெனிகளுக்கு முதலாவது நிம்மதி, இரண்டாவது அதற்கான விலை. ஆனால் குடும்பத்துக்கு உரிமை கிடைத்த அதே நேரத்தில் ஒன்று பறிபோனது. பழைய முறையில் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. புதிய முறையில் கம்பெனியின் தவறை, கணவரை இழந்த பெண்தான் நிரூபிக்கவேண்டும். 'அறிவு வளர்ந்தது' என்ற வரி இந்த இழப்பைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே என் ஆதங்கம்.

சொல் அதோடு முழுதாகச் சாகவில்லை. 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாடகைக்குப் போன படகில் கஞ்சா கிடைத்ததற்காக, எதுவும் அறியாத உரிமையாளரிடமிருந்து படகைப் பறித்தது செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, பொருளையே குற்றவாளியாக்கும் மரபின் வேரைத் தேடி டியோடண்டைத்தான் எடுத்துப் பேசியது.

உங்கள் பாடத்திலும் இதன் மறுபாதி இருக்கிறது. ஈடு கேட்கும் உரிமை தந்த கேம்ப்பெலின் அந்த இரண்டாவது சட்டத்தின் நேர்வாரிசு, இந்தியாவின் 1855ஆம் ஆண்டு 13ஆம் சட்டம், அதாவது மரண விபத்துகள் சட்டம். மோட்டார் வாகன விபத்துகளுக்குத் தனித் தீர்ப்பாயம் வந்துவிட்டது. அறுந்து விழுந்த மின்கம்பி, இடிந்த சுவர் போன்ற சாவுகளுக்கு இன்றும் இதைத்தான் காட்டி வழக்குப் போடுகிறார்கள். பிரிவு 1ஏ-யில் ஈடு பெறக்கூடியவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை. உடன்பிறந்தவர்கள் அதில் இல்லை. வழக்குப் போட, இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.