ஆண் குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: பெயர்ப் பட்டியல்களில் பாதிப் பெயருக்கு 'கடவுளின் கொடை' என்றே போட்டிருக்கிறதே, நம்பலாமா?

பதில்: சில பெயர்களுக்கு நம்பலாம். எபிரேயத்தில் 'நாத்தான்' என்றால் 'கொடுத்தார்'. 'யோ', 'யா' என்று ஒட்டியிருந்தால் அது யாவே, அதாவது பழைய ஏற்பாட்டில் கடவுளின் பெயர். 'ஏல்' இருந்தால் கடவுள். யோ முன்னால் வந்தால் யோனத்தான், ஏல் பின்னால் வந்தால் நத்தானியேல். மத்தேயுவும் கொடைதான். தியோடரும் அதே பொருள், ஆனால் கிரேக்கச் சொல். இந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டால் பட்டியலே வேண்டாம். தானியேலில் ஏல் இருக்கிறது: 'கடவுள் என் நீதிபதி'. எலியாவில் இரண்டுமே இருக்கின்றன: 'யாவே என் கடவுள்'.

கேள்வி: அண்ணன் மகன் பெயர் ஜேக்கப். என் மகனுக்கு ஜேம்ஸ் வைக்க நினைக்கிறேன்.

பதில்: தாராளமாக வையுங்கள். ஆனால் இரண்டும் ஒரே பெயர் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்! யாக்கோபு லத்தீனில் யாக்கோபுஸ் ஆகி, பேச்சு வழக்கில் யாக்கோமுஸ் என்று திரிந்து, பிரெஞ்சு வழியாக ஜேம்ஸ் ஆனது. ஆங்கில வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டுக்காரர் ஜேக்கப், புதிய ஏற்பாட்டுக்காரர் ஜேம்ஸ். தமிழில் இருவருமே யாக்கோபுதான். இரட்டையரில் முதலில் பிறந்த அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்ததால் வந்த பெயர் (ஆதியாகமம் 25:26). 'ஏமாற்றுக்காரன்' என்று சிலர் பொருள் சொல்வார்கள். அது 27-ஆம் அதிகாரத்தில் ஏசா கோபத்தில் சொல்வது. வயிற்றெரிச்சலில் அண்ணன் சொன்னதை அகராதிப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: சேவியர் என்ற பெயர் பைபிளில் எங்கே வருகிறது?

பதில்: வரவே வராது. அது ஊர்ப் பெயர். பாஸ்க் மொழியில் 'எட்செ பெர்ரி', அதாவது புது வீடு. பிரான்சிஸ் சவேரியார் 1506-இல் இன்றைய ஸ்பெயினில் உள்ள நவாராவில் அந்தப் பெயருள்ள கோட்டையில் பிறந்தார். பிரான்சிஸ் கதையும் இப்படித்தான். அசிசி நகரப் புனிதர் பிரான்சிசுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜொவான்னி. துணி வியாபாரியான அப்பாதான் 'பிரான்செஸ்கோ', அதாவது பிரெஞ்சுக்காரன் என்று கூப்பிட்டார். கூப்பிட்ட பெயர்தான் நிலைத்தது.

கேள்வி: அந்தோணி என்றால் பூவா?

பதில்: இல்லை. அந்தோனியுஸ் என்பது பழைய ரோமக் குடும்பப் பெயர். அதன் மூலப்பொருள் தொலைந்துபோய்விட்டது. கிரேக்கத்தில் பூவுக்கு 'அந்தோஸ்' என்பதால் பிற்காலத்தில் முடிச்சுப் போட்டார்கள். ஆங்கில எழுத்தில் நடுவே நிற்கும் 'எச்' அப்படி நுழைந்ததுதான்.

கேள்வி: லியாம், கெவின்?

பதில்: இரண்டும் அயர்லாந்துப் பெயர்கள். லியாம் வில்லியமின் சுருக்கம், வேதாகமத்தில் இல்லை. கெவினும் இல்லை, ஆனால் அந்தப் பெயரில் ஒரு புனிதர் உண்டு.

கேள்வி: யாபேஸ் என்று வைக்க ஆசை. துக்கம் என்று பொருளாம், மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

பதில்: மாமியார் சொல்வது சரிதான். துக்கத்தோடு பெற்றதாகச் சொல்லித்தான் தாய் அந்தப் பெயரை வைத்தாள் (1 நாளாகமம் 4:9). அடுத்த வசனத்தையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தீங்கு தன்னைத் துக்கப்படுத்தாதபடி காக்கச் சொல்லி யாபேஸ் வேண்டுகிறான், கேட்டது கிடைக்கிறது. அப்புறமும் மனசு ஒப்பவில்லை என்றால் பென்யமீன் இருக்கிறது. பிரசவத்தில் உயிர் பிரியும்போது யாக்கோபின் மனைவி ராகேல் வைத்த பெயர் பெனோனி, 'என் துயரத்தின் மகன்'. யாக்கோபு அதை மாற்றி 'வலது கையின் மகன்' என்று பொருள்படும் பென்யமீன் என்று அழைத்தான். வீட்டுப் பெரியவர்கள் பெயரை மாற்றுவது அன்றே இருந்திருக்கிறது.

கேள்வி: தமிழிலேயே, அதே பொருளோடு வேண்டும்.

பதில்: பழைய கத்தோலிக்கத் தமிழில் தேடுங்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர். அவரைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவான் என்றால் 'யாவே அருளினார்', அவர் அருளப்பர். இவான், ஷான், ஹான்ஸ், ஹுவான் எல்லாமே இந்த யோவான்தான். அருள் என்று வைத்தால் நீங்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்ளலாம்.