எழுத்தாளர் வீட்டுத் துக்கம் மேடைக்கு வரலாமா?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்னெட் சிறுவயதில் இறந்ததை வைத்து எங்கள் மாணவர்கள் ஒரு நாடகம் எழுதி வருகின்றனர், சேலத்தில் மேடையேற்ற எண்ணம். ஒரு குடும்பத்தின் சொந்தத் துயரத்தை, அவர்கள் சொல்லாததையெல்லாம் கற்பித்து, பலர் பார்க்க நடித்துக் காட்டுவது முறைதானா?
– ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: முறைதான், அம்மா. ஹாம்னெட்டைப் பற்றிக் கிடைத்திருக்கும் செய்திகள் மிகச் சில. 1585 பிப்ரவரியில் இரட்டைச் சகோதரி ஜூடித்துடன் அவனுக்கு ஞானஸ்நானம் நடந்ததையும், 1596 ஆகஸ்ட் 11 அன்று ஸ்ட்ராட்ஃபோர்டில் அவன் அடக்கம் செய்யப்பட்டதையும் தேவாலயப் பதிவேடு சொல்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை எதனால் இறந்தான் என்பதையோ, தொழில் நிமித்தம் லண்டனில் இருந்துவந்த தகப்பன் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாரா என்பதையோ அது சொல்லவில்லை. அந்த வெற்றிடம் நாடகாசிரியருக்கு உரியது. ஆனால் மகன் இறந்ததால்தான் சில ஆண்டுகள் கழித்து ‘ஹாம்லெட்’ பிறந்தது என்று மாணவர்கள் முடிச்சுப் போட்டால், அதை நீக்கச் சொல்லுங்கள். அந்த டென்மார்க் இளவரசனின் கதை, சிறுவன் உயிரோடிருந்த 1594-லேயே லண்டனில் நாடகமாக நடந்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு பிள்ளையின் சாவு தகப்பனின் புகழுக்குக் காரணம் காட்டுவதற்காக நடந்ததன்று.

நாடகம் ஹாம்னெட்டின் தாய் ஆன் (Anne) பக்கம் நிற்கட்டும். நம் சேலம் வட்டாரத்துக் கூத்துகளில் அரிச்சந்திரனின் மயான காண்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனை மடியில் கிடத்திச் சந்திரமதி புலம்பும்போது, விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனம் கண்ணீர் விடுவது அவள் அரசனின் மனைவி என்பதற்காக அன்று. பெற்ற பிள்ளையை எரிக்க வெட்டியான் கேட்கும் முழத்துண்டுக்கும் கால் பணத்துக்கும் அவளிடம் வழியில்லை என்பதற்காகவே. ஆனுக்கும் அப்படிக் கையில் பிடிக்கக்கூடிய ஒரு கவலையைக் கொடுங்கள். கணவருக்குச் சேதி அனுப்ப ஆள் தேடுவதே ஒரு முழுக் காட்சிக்குப் போதும். அவர் பெயரை ஒருவரும் உச்சரிக்காமலே நாடகம் முடிந்தாலும் குறையில்லை.

கேள்வி: ஆவணங்கள் நிறையக் கிடைக்கும் எழுத்தாளராக இருந்தால் இந்தச் சங்கடம் வராது அல்லவா?
– ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: வேறு சங்கடம் வரும். கிட்டப்பார்வையால் ராணுவத்தில் மறுக்கப்பட்ட மகன் ஜானுக்கு, பிரிட்டிஷ் படைத்தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுவின் நட்பைப் பயன்படுத்தி ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் இடம் வாங்கிக் கொடுத்தவர் ‘ஜங்கிள் புக்’ எழுதிய ருட்யார்ட் கிப்ளிங். 1915 செப்டம்பரில், பதினெட்டு வயதில், பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் ஜான் காணாமற்போனான். 1936-ல் தாம் இறக்கும்வரை தகப்பனுக்கு மகனின் உடல் கிடைக்கவில்லை. இதை டேவிட் ஹெய்க் 1997-ல் ‘மை பாய் ஜாக்’ என்ற நாடகமாக்கி, கிப்ளிங்காகத் தாமே நடித்தார். இங்கே நிகழ்ச்சிகளைக் கற்பிக்க வேண்டியதில்லை. தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா, அணைத்துக்கொள்வதா என்ற தீர்ப்பே கடினம். என்னைக் கேட்டால், இரண்டையும் ஒரே காட்சியில் செய்யாத நாடகம் அவருக்கு நியாயம் செய்யாது. மகன் சேர்ந்திருந்த அந்தப் படைப்பிரிவின் போர் வரலாற்றைக் கிப்ளிங்கே இரண்டு தொகுதிகளாக எழுதி 1923-ல் வெளியிட்டார்; அதில் ஜானுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. அந்தப் பகுதியை அவர் எழுத உட்காரும் காட்சியைத் தமிழில் யாரேனும் மேடையேற்றினால், எந்த ஊராயினும் போய்ப் பார்ப்பேன்.