குழந்தைகளுக்கான ஆப்பில் பெரியவர்களுக்கான விளம்பரம் ஏன் வருகிறது?

நான்கு வயது மகள் படத்துக்கு வண்ணம் தீட்டும் ஆப்பில் டேட்டிங் விளம்பரம் வந்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். என் அக்கா மகளுக்கும் இதே அனுபவம். யானைக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தவள் முன்னால் திடீரென்று ரத்தம் சொட்டும் பேய் முகம். மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவு. அவள் விரல் பட்டதும் ப்ளே ஸ்டோர் திறந்துகொண்டது. அன்றிரவு பிள்ளை தூங்கவில்லை.

அந்த விளம்பரத்தை ஆப் செய்தவர் பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டார். அவர் திரையில் ஓர் இடத்தை விளம்பர நெட்வொர்க்குக்கு, அதாவது பல ஆப்களுக்கு விளம்பரம் அனுப்பும் இடைத்தரகு நிறுவனத்துக்கு, விடுகிறார்; அந்த நொடியில் நடக்கும் தானியங்கி ஏலத்தில் வென்ற விளம்பரம் வந்து உட்காருகிறது. போன் உங்களுடையது, கணக்கும் உங்களுடையது. அதனால் எதிரே இருப்பது முப்பது வயதுக்காரர் என்றே அந்த ஏலம் கணக்குப் போடலாம். இது குழந்தைகளுக்கான ஆப் என்று நெட்வொர்க்குக்குச் சொல்ல வேண்டியது ஆப் செய்தவரின் கடமை. அதைச் சொல்லாமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் காக்க 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கும் பிரிவைக் கொண்டிருக்கிறது.

இன்றைக்கே செய்யக்கூடியது: இணையம் தேவைப்படாத விளையாட்டென்றால் ஃப்ளைட் மோடில் போட்டுக் கொடுங்கள், விளம்பரம் பெரும்பாலும் வராது. பிள்ளையின் போன் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்த கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப்பில் பிள்ளைக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பைப் பற்றிப் புகாரும் கொடுத்துவிடுங்கள்.