கேள்வி–பதில்: 47-க்குப் பூஜ்யம்

கேள்வி: கிரிக்கெட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் உங்கள் இதழ், ஆடவர் ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு முழுப் பக்கங்கள் கொடுத்திருந்தது. பெரிய வீரர்களில் பாதிப் பேர் வராத இந்த இரண்டாந்தரப் போட்டியைப் பற்றிச் சென்னையில் மே மாத வெயிலில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், நங்கநல்லூர்

பதில்: வெயிலுக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் 'இரண்டாந்தரம்' என்று போகிற போக்கில் வீசிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதை விடுவதாக இல்லை. இந்தப் போட்டியைப் பொறுத்தவரை இரண்டாந்தரம் என்பது வசை அன்று. விதிமுறையிலேயே உள்ள ஏற்பாடு. உச்சப் பிரிவில் 16 நாடுகள் ஆடுகின்றன. அதற்குக் கீழே முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு என்று படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. உச்சப் பிரிவின் இரு குழுக்களிலும் கடைசியில் நிற்கும் நாடுகள் ஆண்டுதோறும் ஒரு படி இறக்கப்படுகின்றன. கீழே முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவை ஏறி வருகின்றன. அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் நாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி பழம்பெருமை, மக்கள்தொகை, தொலைக்காட்சி உரிமைக்குக் கிடைக்கும் பணம் என்று எதைக் காட்டியும் இறக்கத்திலிருந்து தப்ப முடியாது. இப்படி ஓர் ஏணியை வைத்திருக்கும் போட்டிதான் 'உலக' என்ற அடைமொழிக்கு உரியது என்பது என் கட்சி.

ஏணியின் நீளம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள டென்மார்க்கைப் பாருங்கள். 1949-இல் ஸ்டாக்ஹோமில் முதன்முறையாக உலகச் சாம்பியன்ஷிப்பில் கால் வைத்த அந்நாடு, கனடாவிடம் 47-க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றது. ஒரே ஆட்டத்தில் 47 கோல்கள். அதன்பின் டென்மார்க் உச்சப் பிரிவுக்குத் திரும்பி வர 54 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலம் முழுவதும் அவர்கள் கீழ்ப்படிகளில், நீங்கள் ஏளனம் செய்கிற அதே இரண்டாந்தரத்திலும் அதற்கும் கீழேயும் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2003-இல் மீண்டும் ஏறி வந்தவர்கள் முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவை 5-2 என்று வென்றார்கள். கனடாவுடன் 2-2 என்று சமன் செய்தார்கள். 2025-இல் தங்கள் ஊரான ஹெர்னிங்கில் கால் இறுதியில் கனடாவையே எதிர்கொண்டார்கள். சிட்னி கிராஸ்பி, நேதன் மெக்கின்னன் என்ற பெரும் நட்சத்திரங்கள் ஆடிய கனடா அது. ஒரு கோல் பின்தங்கியிருந்த டென்மார்க், கடைசி மூன்று நிமிடங்களுக்குள் நிக்கோலாய் ஏலர்ஸ், நிக் ஓலேசன் ஆகியோர் அடித்த இரண்டு கோல்களால் 2-1 என்று வென்று, கனடாவை வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அந்த இரவை வெறும் அதிர்ச்சித் தோல்வி என்று தலைப்பிட்ட பத்திரிகைகள், 1949-ஐப் பார்க்கத் தவறின.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருவேன் என்று வழக்கமாகக் கடிதம் எழுதும் நண்பர்கள் எதிர்பார்த்திருப்பார்கள்; அவர்களை ஏமாற்ற விருப்பமில்லை. ஆடவர் ஐம்பது ஓவர் உலகக் கோப்பையில் 2007-இல் 16 அணிகள் ஆடின. அந்த ஆண்டு இந்தியா வங்கதேசத்திடமும் பாகிஸ்தான் அயர்லாந்திடமும் தோற்று, இரண்டு பெரிய சந்தைகளும் முதல் சுற்றோடு வீடு திரும்பின. விளைவு என்ன? அடுத்த இரண்டு போட்டிகளில் அணிகள் 14 ஆகின. 2019-இலும் 2023-இலும் 10 ஆகச் சுருங்கின. 2027-இல் மறுபடியும் 14 ஆக்குகிறார்கள் என்பதும், 2024-இன் இருபது ஓவர் கோப்பையில் 20 நாடுகள் ஆடின என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுத வேண்டாம். பெரியவர் தோற்றால் கதவைச் சாத்துவது ஒரு வழி. கனடா டென்மார்க்கிடம் தோற்ற மறுநாள் ஐஸ் ஹாக்கியில் எவரும் டென்மார்க்கை வெளியேற்ற யோசிக்கவில்லை.

பாதிப் பேர் வருவதில்லை என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு, கணக்குப்படியே உண்டு. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் 32 அணிகள். ஒவ்வோர் அணியும் பருவத்துக்கு 82 ஆட்டங்கள் ஆடியபின் 16 அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குள் போகின்றன. மே மாதத்தில் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கும்போது அந்தச் சுற்று நடந்துகொண்டிருக்கும். ஆகவே சீக்கிரம் தோற்றவர்கள் வருகிறார்கள், வென்றுகொண்டிருப்பவர்கள் வருவதில்லை. அமெரிக்காவும் கனடாவும் இதனால் தங்கள் முழுப் பலத்தை அநேகமாகக் காட்டுவதே இல்லை. உலகின் பணக்கார லீகைத் தன் மண்ணில் வைத்திருக்கும் அமெரிக்கா, 1960-இல் சாம்பியன்ஷிப்பாகவும் கணக்கில் கொள்ளப்பட்ட ஒலிம்பிக் தங்கத்தை நீக்கிவிட்டால், 1933-க்குப் பிறகு 2025-இல்தான் இந்தக் கோப்பையைத் தொட்டது. அதுவும் சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அடித்த ஒரே கோலால். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏழெட்டு மாதங்கள் ஓடியாடி, அடிபட்டு, தோற்றுக் களைத்த ஒருவன், ஓய்வெடுக்கலாம் என்று இருக்கும்போது நாட்டின் சட்டையைப் போட்டுக்கொள்ள விமானம் ஏறி வருகிறான். கிராஸ்பி தம் 37-ஆம் வயதில், இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை வீட்டில் வைத்துக்கொண்டு, அப்படித்தான் வந்தார். வராதவர்களை எண்ணுகிற நேரத்தில் வந்தவர்களையும் கொஞ்சம் எண்ணலாம்.

வராமலேயே இருந்த ஒரு காலமும் உண்டு. சம்பளம் வாங்காத 'அமெச்சூர்' வீரர்கள் மட்டுமே ஆடலாம் என்றிருந்த அந்த நாளில், 1970-இல், போட்டியைக் கனடா நடத்த வேண்டியிருந்தது. என்.எச்.எல். அல்லாத தொழில்முறை வீரர்கள் 9 பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முதலில் கொடுத்த அனுமதியைச் சர்வதேசச் சங்கம் திரும்பப் பெற்றதும், கனடா நடத்தவும் மறுத்து, ஆடவும் மறுத்துவிட்டது. 1977-இல்தான் திரும்பி வந்தது. கனடாவின் வாதம் எளியது: நாங்கள் சம்பளக்காரர்கள் என்றால் சோவியத் வீரர்கள் யார்? அங்கே மாஸ்கோவின் ராணுவக் கழகத்தில் ஆடியவர்கள் காகிதத்தில் ராணுவ அதிகாரிகள். பயிற்சி மட்டும் ஆண்டு முழுவதும் பனித்தளத்தில். பத்து முறை உலகச் சாம்பியனான கோல்கீப்பர் விளாதிஸ்லாவ் திரெத்தியாக்கும் அப்படி ஓர் அதிகாரிதான். எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் சென்னை லீகைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று நாம் கைதட்டிய அணிகளில் ஆடியவர்கள் எல்லோரும் ஊழியர்கள்தாம்; அவர்களில் எத்தனை பேர் லெட்ஜரைத் திறந்திருப்பார்கள் என்று கேட்பது மரியாதையாக இருக்காது. அதில் தவறும் இல்லை. ஆட்டக்காரனுக்குச் சோறு போடுகிறவரைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாமே, 'அமெச்சூர்' என்ற பொய்யை எதற்காகக் கட்டிக் காக்க வேண்டும் என்பதே என் நீண்ட நாள் புகார்.

இரண்டாந்தரப் போட்டி ஒன்றுக்காக அரசுகள் என்னென்ன செய்திருக்கின்றன என்பதையும் பார்க்கலாம். 1947-இலும் 1949-இலும் கோப்பையை வென்ற செக்கோஸ்லோவாகிய அணி, 1950 மார்ச்சில் லண்டனுக்குப் புறப்படத் தயாராக இருந்தபோது நிறுத்தப்பட்டது. வீரர்கள் வெளிநாட்டில் தங்கிவிடுவார்கள் என்று ஆட்சி அஞ்சியது. ஆத்திரத்தில் மதுக்கடையில் அமர்ந்து அரசைத் திட்டியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். கோல்கீப்பர் போஹுமில் மோட்ரிக்கு 15 ஆண்டுச் சிறை. பலர் யுரேனியச் சுரங்கங்களில் உழைக்க வைக்கப்பட்டார்கள். ஓர் உலகச் சாம்பியன் அணியை அதன் சொந்த நாடே கலைத்துச் சிறையில் அடைத்த கதை இது. பின்னர், 1968-இல் சோவியத் டாங்குகள் பிராக்கில் நுழைந்தன. அடுத்த ஆண்டுப் போட்டி பிராக்கில் நடக்க வேண்டியது, ஸ்டாக்ஹோமுக்கு மாறியது. அங்கே செக்கோஸ்லோவாகியா சோவியத் அணியை ஒரு முறை 2-0 என்றும், மறுமுறை 4-3 என்றும் வென்றது. இரண்டாம் வெற்றியின் இரவில் பிராக்கில் தெருவுக்கு வந்த கூட்டம் சோவியத் விமான நிறுவனத்தின் அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. அதைச் சாக்காக வைத்து மாஸ்கோ நெருக்க, ஏப்ரலில் செக்கோஸ்லோவாகியாவின் சீர்திருத்தத் தலைவர் துப்செக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார். அந்த ஆண்டும் தங்கப் பதக்கம் சோவியத் அணிக்கே போனது. அது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

மகிழ்ச்சியான கதையும் உண்டு. 2023-இல், இருபது லட்சம் மக்கள்கூட இல்லாத லாட்வியா, அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்று முதன்முறையாக வெண்கலம் பெற்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவோடு இரவாக லாட்வியாவின் நாடாளுமன்றம் கூடி, விடிந்தால் திங்கட்கிழமை விடுமுறை என்று சட்டம் இயற்றிவிட்டது. நம் சட்டமன்றமாக இருந்திருந்தால், தீர்மானத்தை யார் முன்மொழிவது என்பதிலேயே நள்ளிரவு கடந்திருக்கும். பயிற்சியாளருக்கு வாய்ப்பளித்தது எங்கள் ஆட்சியில்தான் என்று இரு தரப்பும் ஆதாரத்துடன் பேசியிருக்கும். பொழுது விடிந்தபின் விடுமுறை அறிவித்து என்ன பயன் என்று எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்திருக்கும். வெளிநடப்பைக் கண்டித்துப் பேசியவரின் சொல் ஒன்று அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டு, அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டு, கடைசியில் உறுப்பினர்களுக்கு மட்டும் விடுமுறை கிடைத்திருக்கும்.

பனிக்கட்டிக்கும் சென்னைக்கும் சம்பந்தம் இல்லை என்ற தொனி உங்கள் கேள்வியில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், அமெரிக்க ஏரிகளில் வெட்டி பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் கட்டியது; ஐஸ்ஹவுஸ் என்ற பெயர் அந்த வட்டாரத்துக்கே நிலைத்துவிட்டது. மான்ட்ரியலில் முதல் உள்ளரங்க ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது 1875-இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் அசல் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. துரைமார்கள் கோப்பையில் போட்டுக் குடித்தே தீர்த்துவிட்டார்கள். வெயிலைச் சாக்குச் சொல்வதும் பொருந்தாது. ஒலிம்பிக்கிலிருந்து பிரிந்து 1930-இல் தனியாக நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பின்போது, ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஷாமொனியிலேயே பனித்தளம் உருகி, மிச்ச ஆட்டங்களைப் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

இந்தியா 1989 முதல் சர்வதேசச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தும், ஆடவர் அணி இந்த ஏணியின் அடிப்படியில்கூட இதுவரை ஏறியதில்லை என்பதுதான் என்னை உறுத்துவது. லடாக்கின் இளைஞர்கள் உறைந்த குளங்களில் குளிர்காலத்தின் சில வாரங்கள் மட்டும் ஆடிப் பழகுகிறார்கள். டேராடூனில் 2011-இல் கட்டிய உள்ளரங்கப் பனித்தளம், மின்கட்டணத்துக்கு வழியின்றிப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதே 2025-இல், பெரும்பாலும் லடாக்கிலிருந்து வந்த பெண்களைக் கொண்ட இந்திய மகளிர் அணி, ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. எனவே உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசிப் பிரிவில் முதலில் பெயரைப் பதியப்போவது மகளிர் அணிதான் என்று பந்தயம் கட்டுகிறேன். ஆடவர் அணி பின்னால் வரட்டும்.