பெட்டியின் அடியில் கிடக்கும் துணுக்குகள்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சென்னையில் விளம்பர ஏஜென்சிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் காப்பி, அதாவது விளம்பர வாசகம், எழுதியவர். ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்தோம். போன ஐப்பசியில் காலமானார். வருஷத் திவசத்துக்குள் ஒரு நினைவு மலர் போட ஆசை. அவர் வாங்கிய விருதுகள், வேலை பார்த்த நிறுவனங்கள், நண்பர்களின் இரங்கல் எல்லாம் சேர்த்துவிட்டேன். எழுதிய வரிகளை ராத்திரி சமையற்கட்டு வாசலில் நின்று படித்துக் காட்டுவார், நான் முகம் சுளித்தால் சொல்லை மாற்றுவார். வாழ்க்கைக் குறிப்பை நானே சொல்வதாக எழுதலாமா, வேறொருவர் எழுதுவதுபோல் எழுதலாமா? பரணில் அவருடைய நாலு பெட்டிகள் இருக்கின்றன. ஆர்ட்வொர்க், கேசட், டைரி. பூஞ்சை பிடிக்கிறது. வெயிலில் காயப்போட்டு நீலகிரித் தைலம் தெளித்துவைத்தேன். இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள், தூக்கிப்போடு என்கிறான் மகன்.

பெயர் வேண்டாம், கோத்தகிரி

அன்புள்ள அம்மா,

நீங்களே சொல்வதாக எழுதுங்கள். விருதுப் பட்டியலுக்கு அரைப் பக்கம் போதும். மகனுடைய பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நாலு பெட்டிகளைக் கடிதத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்களே, அதுதான் மனதை உறுத்துகிறது. கதை எழுதினால் மேலே பெயர் வரும். கார்ட்டூனுக்கு மூலையில் கையெழுத்து இருக்கும். விளம்பர வரிக்கு எழுதியவர் பெயர் அச்சாவதில்லை. லட்சம் பேர் வாயில் புழங்கிய வரியாக இருந்தாலும் அது சோப்புக்காரருடைய வரி, டீத்தூள்காரருடைய வரி. இன்னாருடையது என்று சொல்லக்கூடிய சாட்சி அந்தப் பெட்டிகளும் நீங்களும்தான். அதைப் போய் வெயிலில் காயப்போட்டீர்களா?

இனி வெயிலே காட்டாதீர்கள். மலை வெயில் சுடாது என்று ஏமாந்துபோகிறோம். அதிலுள்ள புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். ஸ்கெட்ச் பேனாச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும், போட்டோ சுருண்டு மேல்பூச்சு வெடிக்கும். தைலம் அதைவிடக் கெடுதல். வாசனை போனபிறகும் எண்ணெய் தாளிலேயே நின்று கறையாகும். ரசகற்பூரம் பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

பூஞ்சைக்குச் சாப்பாடு ஜெலட்டின். போட்டோ, ஃபிலிம், எழுத்தை எடுத்த பிரோமைடு போட்டோத் தாள் எல்லாவற்றின் மேல்பூச்சும் அதுதான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் வளர ஆரம்பிக்கும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆடி மழை பெரிது. உங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. அதற்குள் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். ஓட்டுக்கு அடியில்தான் குளிரும் ஈரமும் மாறி மாறி வரும். வெளிச்சுவரை ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். ஒரு ஈரப்பதமானி வாங்கி அறையில் மாட்டுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாக்களில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு வைக்கலாம், ஆனால் சரக்கு நன்றாக உலர்ந்த பிறகுதான். ஈரத்தோடு மூடினால் டப்பாவே பூஞ்சைப் பண்ணையாகிவிடும். ஆரஞ்சு நிற ஜெல் கேட்டு வாங்குங்கள், நீலத்தில் உடம்புக்கு ஆகாத கோபால்ட் இருக்கிறது. நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும்.

பிடித்துவிட்ட பூஞ்சையைத் துணியால் துடைக்காதீர்கள், ஈரமாக இருந்தால் ஈஷிக்கொள்ளும். நிழலில் காற்றாட உலரவிட்டு, பொடியானதும் முகக்கவசம் கட்டி, வீட்டுக்கு வெளியே மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள்.

ஆர்ட்வொர்க் அட்டைகளைத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்தக் காலத்தில் எழுத்தை போட்டோத் தாளில் எடுத்து, பிளேடால் வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி அட்டையில் ஒட்டினார்கள். மேலே டிரேசிங் தாள், அதில் எந்த இடத்துக்கு என்ன கலர் என்று பென்சில் குறிப்பு. கடைசி நிமிஷத்தில் ஒரு சொல் மாறினால் முழு வரியையும் மறுபடி எடுக்க நேரமிருக்காது. அந்த ஒரு எழுத்தை மட்டும், சில சமயம் ஒரு புள்ளியை மட்டும், வெட்டி மேலே ஒட்டுவார்கள். ரப்பர் சொல்யூஷன் வருஷக்கணக்கில் பழுப்பேறிப் பிடியை விட்டுவிடும். பொடித் துண்டுகள்தான் முதலில் உதிரும். பெட்டியின் அடியில் அரிசி நொய்போலக் கிடப்பவை அவைதான். குப்பையென்று தட்டிக் கொட்டிவிடாதீர்கள், அத்தனையும் அவர் செய்த திருத்தங்கள். அட்டைக்கு ஒரு கவர் போட்டு, அதிலிருந்து விழுந்ததை அதிலேயே சேருங்கள். செல்லோடேப் போடவே கூடாது. லேமினேஷனும் கூடாது.

விளம்பரம் வந்ததற்குச் சான்றாகப் பத்திரிகைகள் ஏஜென்சிக்கு அனுப்பிய வவுச்சர் காப்பி இதழ்கள் இருந்தால் தேதி கிடைத்துவிடும். விளம்பரத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏஜென்சியின் சுருக்கப் பெயரும் ஒரு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை டைரியில் தேடுங்கள். இரண்டும் பொருந்தினால் அது அவருடையது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மலரில் அச்சிடுமுன் அந்தந்த ஏஜென்சிக்கு ஒரு கடிதம் போட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சம்பளத்துக்கு எழுதியது முதலாளிக்குத்தான் சொந்தம்.

கறுப்பு வெள்ளைப் படங்களின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். 1967இல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ முத்திரை சிலவற்றில் இருக்கலாம். உங்கள் மலையிலிருந்து இறங்கிய தாள் அங்கேயே திரும்பி வந்திருக்கும்.

தடித்த, முக்கால் அங்குல நாடா கேசட்டுகள் யூமேட்டிக் என்ற பழைய வீடியோ வகை. பிளேயர் கிடைத்தாலும் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரம் குடித்த நாடாவில் பசை இளகியிருக்கும், ஓட்டினால் உரிந்து மெஷினில் ஒட்டும், படமும் அத்தோடு போகும். அதற்கென்று இருப்பவர்களிடம் கொடுத்து, ஒருமுறை ஓட்டும்போதே டிஜிட்டலாக்க வேண்டும். ஃபிலிம் சுருள் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். ஒன்றிலிருந்து கிளம்பும் அமில ஆவி அடுத்ததையும் கெடுக்கும்.

ஸ்கேன் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள், காற்று உலர்ந்திருக்கும். ஸ்கேனரின் நுணுக்கம் அட்டைகளுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), 35 மிமீ ஸ்லைடுக்கு 3000க்கு மேல். ஐப்பசித் திவசத்துக்குள் இது முடியாது. திவசத்துக்கு ஒரே ஒரு தாள் அச்சிட்டுக் கொடுங்கள். மலர் அடுத்த வருஷம் வரட்டும்.

இப்போது கோபத்தோடே சொல்கிறேன். சமையற்கட்டு வாசலில் நின்று படித்ததை நீங்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துபோயிருக்கிறீர்கள். காப்பி எழுதுகிறவரின் வேலையே அதுதானே அம்மா! பம்பாயிலிருந்து வேறு மொழியில் ஒரு வரி வரும், அதற்குப் பொருத்தமாய் நாலு சொல் அளவுக்கு இடமும் விட்டிருக்கும். தமிழ்ச் சொல் நீளம், விகுதி சேரச் சேர இன்னும் நீளும். ரேடியோவுக்கு என்றால் பத்து நொடிக்குள் மூச்சு முட்டாமல் முடிய வேண்டும். வாய்விட்டுப் படித்தால்தான் எந்தச் சொல் இடறுகிறது என்று தெரியும். அவர் படித்தது உங்களிடம். நீங்கள் முகம் சுளித்ததால் வெட்டுப்பட்ட சொற்கள் டைரியில் அடித்தலோடு இருக்கும். எந்த வரியில், எந்தச் சொல்லுக்குச் சுளித்தீர்கள்? அதைக் கடிதத்தில் சொல்லவே இல்லை. இரங்கல் கவிதைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள். அடித்த வரியும் அச்சான வரியும் பக்கத்தில் பக்கத்தில், கீழே நீங்கள் சொன்னது.

தினம் ஐந்து அட்டை எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நினைவுக்கு வந்ததை அன்றைக்கே குறித்துவிடுங்கள். பால்பேனா வேண்டாம், 2பி பென்சில் போதும். போட்டோவின் முதுகு பிளாஸ்டிக் பூச்சாக இருந்தால் பென்சில் பிடிக்காது, அதைப் போடும் உறையின்மேல் எழுதுங்கள். உறைக்குள் போட்டோவை வைப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.