புது ஸ்போர்ட்ஸ் கூபேக்களில் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி விடுகிறார்கள்? ஸ்பிரிங் மாற்றி இறக்கிவிடலாமா?

கேட்ட விதத்திலேயே தெரிகிறது, கார் வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கழுவித் துடைத்து, பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்கள். டயருக்கும் அதன் மேல் வளைந்திருக்கும் தகடான ஃபெண்டருக்கும் நடுவே கறுப்பாக ஒரு பிறை தெரியும். விளம்பரப் படத்தில் இது இல்லையே என்று மனசு கேட்டிருக்கும். அப்புறம் யாராவது "ஜீப் மாதிரி நிக்குதே" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். அதனால்தான் செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சஸ்பென்ஷன் இன்ஜினியர் இல்லை. டொராண்டோவில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். என்னிடம் இருப்பது முதல் தலைமுறை டொயோட்டா 86 என்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபே, செகண்ட் ஹேண்டில் எடுத்தது. முந்தைய உரிமையாளர் மலிவான ஸ்பிரிங் போட்டு நன்றாக இறக்கி வைத்திருந்தார், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் மட்டும் பழையதே. தெரிந்தேதான் வாங்கினேன். அதைக் காட்டியே விலையையும் குறைத்தேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ஒரு விரல் நுழைவதே கஷ்டம். ஆனால் 401 நெடுஞ்சாலையில் பால இணைப்பு வரும் ஒவ்வொரு இடத்திலும் முன்பக்கம் 'டொக்' என்று இடிக்கும். லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தபோது பின் டயர் இரண்டிலும் உள்விளிம்பு நூல் தெரியத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கம் புதுசு போல இருந்தது. சக்கரம் மேலே வந்து முட்டாமல் தாங்கும் ரப்பர் தடுப்பு, அதாவது முன் பம்ப் ஸ்டாப், பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிவு. குளிர்காலத்தில் இன்னொரு கூத்து: சாலைச் சேறும் பனியும் சக்கர வளைவுக்குள் அப்பி இரவோடு இரவாகக் கல்லாக இறுகிவிடும். காலையில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் கரகரவென்று டயர் அதில் உரசும்.

'கம்பெனிக்காரனுக்குக் கண் இல்லையா' என்று கேட்கிறவர்கள் யோசிக்காத இடம் இதுதான். அந்த இடைவெளி சக்கரம் மேலே ஏறி வருவதற்கான இடம். காரில் முழு ஆட்களும் சாமானும் ஏற்றி, ஸ்டீயரிங்கை ஓரத்துக்கு ஒடித்து, அதே நேரம் ஒரு பள்ளத்தில் விழுந்தாலும் டயர் எதிலும் முட்டக் கூடாது. 86-இல் பின்னால் யாரும் உட்கார முடியாது என்பது வேறு விஷயம், ஆவணத்தில் அது நான்கு பேர் போகும் வண்டி. பனியில் வழுக்காமலிருக்க டயரில் பனிச் சங்கிலி மாட்டினால் அதற்கும் இடம் வேண்டும். இடம் குறைந்த கார்களுக்கென்று அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வைத்திருக்கும் 'எஸ்' வகுப்புச் சங்கிலிக்கே டயரின் தரை படும் முகத்துக்கு மேல் 1.46 அங்குலம், அதாவது 37 மி.மீ. இடைவெளி கேட்கிறார்கள். சங்கிலியே மாட்டாதே என்று கையேட்டில் எழுதியிருக்கும் கூபேக்களும் உண்டு, ஆனால் சேறும் பனிக்கட்டியும் கையேடு படிப்பதில்லை.

சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் முகப்பு விளக்கு தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. பம்பர் மோதலைத் தாங்க வேண்டிய பகுதி 16 முதல் 20 அங்குலம் வரை. இந்த மாதிரி விதிகள் வந்தபோது 1970-களின் நடுவில் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, முன்பக்கத்தைத் திருத்தி வடிவமைக்க மனமில்லாமல், சுமார் ஓர் அங்குலம் அப்படியே உயர்த்திவிட்டார்கள். பாவம், அந்தக் காரின் கையாளும் தன்மையே கெட்டுப்போனது. பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், அமெரிக்காவுக்கு வந்தவை ஐரோப்பியக் கார்களைவிட உயரமாக நிற்கும் என்று பெருமூச்சு விடுவார்கள். ஜப்பானிலோ தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் நடுவே 9 செ.மீ. இல்லாவிட்டால் சோதனையில் தேறாது. 86 அந்த நாட்டில் குன்மாவில் உள்ள சுபாரு ஆலையில் செய்யப்படுவது. சுமார் 13 செ.மீ. உயரத்தோடு அங்கிருந்து கிளம்புகிறது.

இனி முக்கியமானது. காரை இறக்கினால் எடை மையம் கீழே போகும், அதனால் வளைவில் நன்றாக ஓடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. 86-க்கு முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கம்பமாகச் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு. சக்கரத்தைக் காரோடு கீழே இணைக்கும் கையான லோயர் ஆர்ம், ஃபேக்டரி உயரத்தில் கிட்டத்தட்டப் படுக்கையாக, அல்லது சக்கரப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும். காரை இறக்கும்போது சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்கிறது. அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த 'ரோல் சென்டர்' எடை மையத்தைவிட வேகமாகக் கீழே விழுகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீளமாகிறது. அதாவது, இறக்கிய கார் வளைவில் அதிகமாகச் சாயப் பார்க்கும். அதைத் தடுக்கக் கெட்டியான ஸ்பிரிங் வேண்டும், கெட்டியான ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் வேண்டும். பழைய ஷாக்கில் புது ஸ்பிரிங்கைச் செருகினால் ஷாக் ஏற்கெனவே பாதி அமுங்கித்தான் நிற்கும், மீதிப் பயணம் பம்ப் ஸ்டாப்பில் போய் முடியும். வளைவின் நடுவில் முன்பக்கம் அப்படி முட்டினால் கார் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். பின்பக்கம் முட்டினால் வால் விலகும்.

பின்னால் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு என்பதால் அங்கே வேறு கதை. இறக்கினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்கிறது, சக்கரம் நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணமான டோவும் மாறுகிறது. என் பின் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்ததற்குக் காரணம் இதுதான். முந்தைய உரிமையாளர் இறக்கிய பிறகு சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் பார்க்காமலே ஓட்டியிருக்கிறார்.

போர்ஷே 911 ஜிடி3 பாருங்கள், எவ்வளவு தாழ்வாக நிற்கிறது என்று யாராவது கீழே கருத்தில் எழுதுவார்கள். பார்த்திருக்கிறேன். 2021-இல் வந்த மாடலில் முன்பக்க ஸ்ட்ரட்டையே தூக்கிவிட்டு இரட்டை விஷ்போன் வைத்தார்கள். வேகத்தடைக்கு மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும் கருவியும் தனியாக வாங்கலாம். அந்த விலைக்குப் போனால் அந்தத் தாழ்வு கிடைக்கும். நாம் பேசுவது அந்த விலைக் கார்களைப் பற்றி இல்லை.

நான் செய்தது இதுதான். ஃபேக்டரி ஸ்பிரிங் தேடினேன். இது தேட வேண்டிய பொருளே இல்லை, இறக்கியவர்கள் எல்லோர் வீட்டு பேஸ்மென்ட்டிலும் ஒரு செட் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒருவர் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்தார், இடம் அடைக்கிறதாம். நான்கு ஷாக்கும் புதுசு வாங்கினேன், அதுதான் செலவு. மாட்டி முடித்ததும் மெக்கானிக் டேப்பை வைத்து ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தார். விரல் விட்டு அளக்கிறவர்கள் கவனியுங்கள், டயர் தேய்மானமும் காற்றும் மாறினால் விரல் கணக்கு மாறும், இது மாறாது.

மறுவாரமே சித்தப்பா மகன் வந்தான். அவனிடமும் இதே கார், தரையோடு தரையாக இறக்கியது. "என்னண்ணா, காட்டுக்குள்ள ஓட்டப் போறீங்களா?" என்று சிரித்தான். கேலடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஆஃப் தி கிரெடிட் சாலைக்குக் கூட்டிப் போனேன். வேகமெல்லாம் இல்லை, அங்கே அதற்கு இடமும் இல்லை. முதலில் அவன் காரில் இருவரும் போனோம். ஒட்டுப்போட்ட ஒரு வளைவில் கார் குதித்து அரை அடி வெளியே தள்ளியது, அவன் ஸ்டீயரிங்கைத் திருத்தினான். அதே வளைவில் என் காரை அவனையே ஓட்டச் சொன்னேன். ஒட்டு இருந்ததே தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவன் டயர் பிராண்டைப் பற்றித்தான் பேசினான். டயர்தான் காரணமாம். இரண்டு காரிலும் ஒரே டயர்.

கூபே வைத்திருக்கிறவனுக்கு இடைவெளி ஒரு பிரச்சினையே இல்லை, உண்மையான பிரச்சினை பார்க்கிங். இரண்டு கதவு என்றால் ஒவ்வொரு கதவும் அத்தனை நீளம். விசேஷத்துக்குப் போனால் மண்டபத்து வாசலில் கோட்டின் மேலேயே ஒரு பெரிய எஸ்யூவி வந்து ஒட்டி நிற்கும், நான் வயிற்றை எக்கிக்கொண்டு வேட்டியோடு உள்ளே நுழைய வேண்டும். அந்த வண்டியின் சொந்தக்காரரே உள்ளே பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் காசுக்கு ஒரு எஸ்யூவி எடுத்திருக்கலாமே தம்பி, குடும்பத்துக்கு ஆகுமே" என்பார். மாமா, முதலில் கோட்டுக்குள் நிறுத்தப் பழகுங்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

கண்ணையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். புது 86-இல் 17 அங்குல ரிம்முக்கு 215/45 டயர், 18 அங்குல ரிம்முக்கு 215/40. கணக்குப் போட்டால் டயரின் மொத்த ஆரம் 2 மி.மீ.தான் வித்தியாசம். ஆனால் 18 போட்ட காரில் இடைவெளி குறைந்தது போலவே தெரியும், ரிம் பெரிதாகத் தெரிவதால். வெள்ளைக் காரில் அந்தப் பிறை எடுப்பாகத் தெரியும், கறுப்புக் காரில் தெரியாது. 2009 டோக்கியோ கண்காட்சியில் வைத்த எஃப்டி-86 மாதிரியில் சக்கரம் வளைவை நிறைத்துக்கொண்டு நின்றது. அது கண்காட்சி மேடைக்குச் செய்தது, 401-க்கு இல்லை. 2015 மஸ்டாங் வந்தபோதும் அமெரிக்கர்கள் இதே '4x4' கிண்டலைச் செய்தார்கள். இறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஃபோர்டே தன் பெர்ஃபார்மன்ஸ் பிரிவில் ஸ்பிரிங் விற்கிறது.

ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சரியான ஷாக், ரோல் சென்டரைத் திருத்தும் பால் ஜாயின்ட், சக்கரச் சாய்வைச் சரிசெய்யும் கேம்பர் பிளேட் எல்லாம் போட்டு இறக்கியவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்கள் கார் என்னுடையதைவிட நன்றாகவே ஓடும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு 'ஹேண்ட்லிங்குக்காக' என்று சொல்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. அழகுக்காக என்று சொல்லிவிட்டால் வழக்கே இல்லை.

உங்களுக்கு அந்தப் பிறை உறுத்திக்கொண்டேதான் இருக்கும் என்றால் 15, 20 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். அந்த ஸ்பிரிங்குக்கென்று பொருத்திய ஷாக்கோடு சேர்த்து வாங்குங்கள். போட்ட சில நாளில் ஸ்பிரிங் உட்கார்ந்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட் பாருங்கள், விளக்கின் கோணத்தையும் சரிசெய்யுங்கள். இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றிய ஸ்பிரிங்கை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்குக் காரை விற்கும்போது என்னைப் போல ஒருவன் வந்து குனிந்து பார்ப்பான், விலையைக் குறைப்பான்.