இரண்டாவது எண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டப்ளினில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். கல்லூரி விடுதியில் என் அறைச் சுவரில், அயர்லாந்து விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த, சிறையில் பட்டினி கிடந்து இறந்த பாபி சாண்ட்ஸ் படம் ஒட்டியிருந்தேன். இங்கே வந்து பார்த்தால், அவர் பெயரைச் சொல்லும் ஷின் ஃபெய்ன் கட்சி தெருவிளக்கு, குப்பை, வாடகை என்று பேசிக்கொண்டிருக்கிறது. 2024 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் அந்தக் கட்சிப் பெண் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். 'நாங்கள் இந்நாட்டுக் குடிமக்கள் இல்லை' என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தெற்கே, அதாவது அயர்லாந்துக் குடியரசில், அவர்களுக்கு 2014இல் 159 கவுன்சில் இடங்கள், 2019இல் 81, 2024இல் 102. வடக்கே, பிரிட்டனோடு இருக்கும் வடக்கு அயர்லாந்தில், 2023இல் 144 இடங்களோடு முதல் கட்சி. இதை வளர்ச்சி என்பதா, சரிவு என்பதா? ஒரு விடுதலை இயக்கம் கவுன்சிலர் கட்சியாகச் சுருங்குவது தோல்விதானே? ஈழத்தோடு ஒப்பிட்டு நீங்கள் விரிவாக எழுத வேண்டும்.

பெயர் வேண்டாம், டப்ளின்

*

அன்புள்ள நண்பருக்கு,

பொதுவாக இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். கொஞ்ச நாளாக அயர்லாந்தின் வாக்குச்சீட்டைப் பற்றிப் பேசிப் பேசி நண்பர்களை விரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் சிலவற்றை ஓரமாக வைக்கிறேன். ஈழ ஒப்பீடு வேண்டாம். தமிழில் அயர்லாந்தைப் பற்றி எழுத உட்காரும் எல்லாரும் மூன்றாவது பத்தியில் முல்லைத்தீவுக்குப் போய்விடுகிறார்கள், அயர்லாந்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே. பாபி சாண்ட்ஸ் படம் உங்கள் சுவர், உங்கள் இஷ்டம். ஆனால் 1981இல் சிறையில் பட்டினி கிடந்தபோதே அவர் ஃபெர்மனா – தெற்கு டைரோன் தொகுதியில் நின்று ஓட்டு வாங்கி எம்.பி. ஆனார் என்பதைப் படம் ஒட்டுகிறவர்கள் ஏனோ சொல்வதில்லை. ஓட்டுப் பெட்டியில் இவ்வளவு இருக்கிறதா என்று அந்த இயக்கம் கண்டுகொண்டது அப்போதுதான். 1983இல் அலெக்ஸ் மாஸ்கி பெல்ஃபாஸ்ட் நகர்மன்றத்துக்குப் போனார். 1985இல் வடக்கு முழுக்க 59 பேர்.

'கவுன்சிலர் கட்சியாகச் சுருங்குவது' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காக உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். வடக்கு அயர்லாந்தின் முப்பது வருடத் துயரம் எங்கே தொடங்கியது? ஒரு கவுன்சில் வீட்டில். 1968 ஜூனில் கலெடன் என்ற சின்ன கிராமத்தில், பிள்ளைகுட்டியோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்குக் காத்துக் கிடக்க, மணமாகாத 19 வயது புராட்டஸ்டன்ட் பெண் ஒருவருக்குக் கவுன்சில் வீடு ஒதுக்கியது. ஆஸ்டின் கரி என்ற இளம் எம்.பி. அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்து வெளியே இழுத்துப் போட்டது. அந்த ஆகஸ்டில் பேரணி, அக்டோபரில் டெரியில் தடியடி, அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு ஏன் இவ்வளவு அடிதடி? அப்போது அங்கே உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி கட்டும் குடும்பத் தலைவருக்கும் அவர் மனைவிக்கும்தான் ஓட்டு. அப்பா வீட்டில் ஒண்டியிருக்கும் மகனுக்குக் கிடையாது, வாடகை அறையில் இருப்பவருக்குக் கிடையாது. கம்பெனி வைத்திருப்பவருக்கோ கூடுதல் ஓட்டுகள்கூட உண்டு. ஆக, ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு கொடுத்தால் இரண்டு ஓட்டு கொடுத்ததாக ஆகிவிடும். எந்த வார்டில் வீடு கட்டுவது, யாருக்குக் கட்டுவது என்பதெல்லாம் ஓட்டுக் கணக்கு. டெரி நகரில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை. ஆனால் மாநகராட்சியில், பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பும், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களான யூனியனிஸ்ட்கள் 12, மற்றவர்கள் 8. வார்டு எல்லைகளை அப்படி வரைந்திருந்தார்கள். கவுன்சில் என்பது சின்ன விஷயம் என்று அந்த ஊரில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

அந்த 12க்கு 8 எப்படி சாத்தியமாயிற்று என்று கேட்டால், நான் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

அயர்லாந்தில் ஓட்டுப் போடுகிறவர் ஒரு பெயருக்கு முத்திரை குத்துவதில்லை. சீட்டில் வேட்பாளர்களின் பெயர் வரிசையாக இருக்கும், தெற்கே புகைப்படமும் கட்சிச் சின்னமும்கூட. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் போட்டுக்கொண்டே போகலாம். ஒரு வார்டுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஆறு, ஏழு கவுன்சிலர்கள். ஆறு இடம் என்றால் செல்லுபடியான ஓட்டில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஒன்று கூடுதலாக வாங்கியவர் ஜெயித்தார். அவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த ஓட்டு, சீட்டில் 2 போட்டிருக்கும் ஆளுக்குப் போகும். கடைசியில் இருப்பவரை வெளியேற்றி, அவருடைய சீட்டுகளையும் அப்படியே பிரிப்பார்கள். எல்லா இடமும் நிரம்பும்வரை இதே வேலை. நம் ராஜ்ய சபா தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் இந்த முறையில்தான் ஓட்டுப் போடுகிறார்கள். நமக்குத்தான் அது டி.வி.யில் காட்டப்படும் ரிசார்ட் நாடகமாக மட்டும் தெரிகிறது.

இந்த முறையை அயர்லாந்து முழுவதற்கும் உள்ளாட்சித் தேர்தலில் கொண்டுவந்தது பிரிட்டிஷ் அரசு, 1919இல். ஷின் ஃபெய்ன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க. அப்படியும் 1920இல் வடக்கிலுள்ள உல்ஸ்டரின் சில பகுதிகள் நீங்கலாகப் பெரும்பாலான கவுன்ட்டி கவுன்சில்கள் ஷின் ஃபெய்ன் கைக்கு வந்தன. கார்க் நகர மேயரான தோமாஸ் மெக் கர்ட்டன் அந்த மார்ச்சில் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த டெரன்ஸ் மெக்ஸ்வினி பிரிக்ஸ்டன் சிறையில் பட்டினி கிடந்து செத்தார். இருவரும் நகர்மன்றத்துக்காரர்கள். குப்பை, தெருவிளக்குக் கட்சிதான்.

அயர்லாந்து வடக்கு, தெற்கு என்று பிரிந்த பிறகு 1922இல் வடக்கு அரசு உள்ளாட்சியில் எண் போடும் முறையைத் தூக்கியது. ஒரு வார்டில் அதிக ஓட்டு வாங்கியவரே எல்லாம் என்றானது. டெரியின் 12க்கு 8 அந்தப் பாதையில் வந்தது. 1973இல்தான் பழைய முறை திரும்பியது. தெற்கே ஃபியனா ஃபாயில் கட்சி இதை ஒழிக்க 1959இலும் 1968இலும் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தோற்றது. 1959இல் ஒரே நாளில் அந்தக் கட்சியின் தலைவர் டி வலேராவை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர் கட்சி கேட்ட இந்த மாற்றத்தை மறுத்துவிட்டார்கள் ஜனங்கள். எனக்கு அந்த நாட்டின்மேல் காதல் வந்ததற்கு அந்த ஒரு நாள் போதும்.

2014 மே மாதம் டப்ளினில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். நண்பரின் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஃபியனா ஃபாயில்காரர், பரம்பரையாக. எண்ணும் மண்டபத்துக்குள் போக எனக்கு ஒரு பாஸ் வாங்கிக் கொடுத்து, கூட்டிப்போய்க் கம்பித் தடுப்பை ஒட்டி நிற்க வைத்தார். அங்கே 'டேலி' என்று ஒன்று நடக்கும். அதிகாரிகள் பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளை முகம் மேலே தெரிகிற மாதிரி விரித்து அடுக்குவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் அட்டையும் பென்சிலுமாகக் குனிந்துகொண்டு, சீட்டு விரிகிற அந்த நொடியில் 1 எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கோடு போடுவார்கள். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. எல்லாப் பெட்டியையும் பார்க்க எந்தக் கட்சியிடமும் ஆள் போதாது. அதனால் ஜென்ம விரோதிகளெல்லாம் பெட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டு, மத்தியானம் தாள்களைச் சேர்த்துக் கூட்டுவார்கள். பெரியவருக்குப் பக்கத்தில் நின்று கோடு போட்டவர் ஒரு ஷின் ஃபெய்ன் பெண். இருவரும் ஒரே ரப்பரைப் பயன்படுத்தினார்கள்.

ஒரு பெட்டி வந்தபோது பெரியவர் நிமிர்ந்து நின்றார். 'இது எங்கள் தெருப் பெட்டி.' வரிசையாக அவர் கட்சிக்கு 1 விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சீட்டு: ஃபியனா ஃபாயில் 1, ஷின் ஃபெய்ன் 2. கோடு போட மறந்து அந்தச் சீட்டையே பார்த்தார். கொஞ்சம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. அதற்கப்புறம் நாள் முழுக்க, டீ குடிக்கும்போதும் பஸ்ஸில் திரும்பும்போதும், தெருவில் அது யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். தனக்கு 1 போடாதவன் மேல் அவருக்குக் கோபமே இல்லை. 1 தனக்குப் போட்டுவிட்டு 2 அங்கே போட்டவர்கள்தான் அவரைத் தூங்கவிடவில்லை.

நீங்கள் பட்டியல் போட்ட 159, 81, 102 எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். நான் தேடுவது அந்த 2. ஷின் ஃபெய்னுக்கு 1 போடத் தயாராக ஒரு கூட்டம் எப்போதும் இருந்தது. மற்றவர்கள் அவர்களுக்கு 5கூடப் போட மாட்டார்கள். ஐ.ஆர்.ஏ. வெடிகுண்டில் உறவினரை இழந்தவர் ஏன் போட வேண்டும்? அதனால் முதல் சுற்றில் முன்னால் நின்றுவிட்டு, கடைசிச் சுற்றில் சும்மா நின்று பார்த்துத் தோற்றுப்போன ஷின் ஃபெய்ன் வேட்பாளர்கள் நிறையப் பேர். ஒருவன் தன் கட்சியை எவ்வளவு நேசிக்கிறான் என்று சொல்வதற்கு நமக்கு ஆயிரம் வழி இருக்கிறது. எதிர்த்தரப்பை எவ்வளவு பொறுத்துக்கொள்வான் என்று கேட்கிற வாக்குச்சீட்டு உலகத்தில் மிகக் குறைவு. மாஸ்கியை 1987இல் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். பிழைத்தார். 2002இல் பெல்ஃபாஸ்டின் முதல் ஷின் ஃபெய்ன் மேயரானபோது, அவரை அங்கே உட்கார வைத்தது, இரண்டு தரப்பிலும் சேராத அலயன்ஸ் கட்சிக் கவுன்சிலர்களின் ஆதரவு. அந்த ஜூலை முதல் தேதி, 1916இல் பிரிட்டிஷ் படையில் சோம் போரில் செத்தவர்களுக்காக, அதிகாரபூர்வ நிகழ்ச்சிக்கு முன்பே தனியாகப் போய் மலர்வளையம் வைத்தார். நாடகம் என்றார்கள். இருக்கட்டும், 2 வாங்குவதற்கு யாராவது நாடகமாவது போடுகிறார்களா இங்கே?

2014இல் ஏன் 159? ஐரோப்பிய ஒன்றியத்திடமும் ஐ.எம்.எஃப்.பிடமும் கடன் வாங்கி நாடு நொந்துபோயிருந்த நேரம், வீட்டு வரி, வரப்போகிற தண்ணீர்க் கட்டணம், தொழிலாளர் கட்சியின் வீழ்ச்சி. அதே வருட அக்டோபரிலேயே தண்ணீர்க் கட்டணத்தில் உறுதியாக நிற்கவில்லை என்று ஓர் இடைத்தேர்தலில் அடி வாங்கினார்கள். 2019இல் பாதி போச்சு. அடுத்த வருடமே பொதுத்தேர்தலில் 24.5 சதவீதம். கவுன்சில் தேர்தலில் தோற்ற வயலட்-ஆன் வின் ஒன்பது மாதம்கூட ஆகாமல் கிளேர் தொகுதியின் எம்.பி. அந்தத் தேர்தலில் 42 பேரைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அள்ளிய ஓட்டு வழிந்து மற்ற இடதுசாரிகளை ஜெயிக்க வைத்தது. பயந்துபோய் 2024 உள்ளாட்சியில் முன்னூறுக்கும் மேல் ஆட்களை நிறுத்த, ஓட்டு சிதறி 11.8 சதவீதத்தில் நின்றது. 102 என்பது 81ஐவிட அதிகம்தான், ஆனால் 2022 கருத்துக்கணிப்புகளில் 30 சதவீதத்தைத் தாண்டியிருந்த கட்சி அன்றிரவு கொண்டாடவில்லை. வளர்ச்சியா, சரிவா? நீங்களே சொல்லுங்கள். வடக்கில் 144 இடம் பெரிய வெற்றி, அதில் சந்தேகமில்லை. ஆனால் யூனியனிஸ்ட் தெருக்களிலிருந்து அவர்களுக்கு இன்னும் சொல்லும்படியாக 2 வருவதில்லை. அவர்களின் வடக்குத் தலைவர் மிஷேல் ஓ'நீல் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கே போய் உட்கார்ந்த மாதம் அது.

அவர்களைப் புனிதர்களாக்க எனக்கு ஆசையில்லை. பழைய கொலைகளைப் பற்றிக் கேட்டால் இன்றும் வழுக்குகிறார்கள். உட்கட்சிக் கெடுபிடி தாங்கவில்லை என்று அவர்களின் கவுன்சிலர்களே சிலர் விலகினார்கள். வார்டில் 'கிளினிக்' நடத்துவது அங்கே எல்லாக் கட்சிக்கும் வழக்கம்தான்: சனிக்கிழமை ஒரு சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் குறையை டயரியில் எழுதிக்கொள்வார்கள். எப்படியும் கிடைக்கப்போகிற வீட்டுக்குத் 'தங்கள் சார்பில் வலியுறுத்தினேன்' என்று கடிதம் போட்டுப் பெயர் வாங்குவதும் உண்டு. நம் ஊர் ஆட்களுக்கு இதையெல்லாம் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கதவுக்கு வருகிறேன். குடிமக்கள் இல்லை என்று சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பினீர்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், 18 வயதாகி அங்கே வசிப்பவராக இருந்தால் அயர்லாந்துக் குடியரசின் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்கலாம். பொதுத்தேர்தலில்தான் உங்களுக்கு முடியாது. இது தெரியாமல் அயர்லாந்து விடுதலையைப் பற்றி எனக்கு இவ்வளவு நீளக் கடிதமா? உங்களுக்கு பாபி சாண்ட்ஸ் கிடந்த பட்டினியின் நாள் கணக்கு தெரியும், உங்கள் வார்டுக்கு எத்தனை கவுன்சிலர் என்று தெரியாது. உங்களுக்கு முன்னால் கேரளத்திலிருந்து போன பேபி பெரேப்பாடன் ஃபைன் கேல் கட்சியில் நின்று, ஜெயித்து, 2024இல் தெற்கு டப்ளின் கவுன்ட்டி மேயராகவே ஆகிவிட்டார். அவருக்கு யாரும் தனியாகச் சட்டம் போடவில்லை.

உங்களைப் புண்படுத்த வேண்டும் என்று எழுதவில்லை. புது நாட்டில், நம்மை யாரும் ஒரு பொருட்டாக எண்ண மாட்டார்கள் என்ற நினைப்பிலேயே பாதி வயது போய்விடும், எனக்குத் தெரியும். ஆனால் அன்று மாலை ஒருவர் வந்து உங்களை எண்ணத் தயாராக நின்றார். ஷின் ஃபெய்னுக்குத்தான் போட வேண்டும் என்றில்லை. பிடிக்காதவருக்கு 9 போடுங்கள். பிடித்தவர் யாரும் இல்லையென்றால் சகித்துக்கொள்ளக்கூடியவரிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029இல். வாக்காளர் பட்டியலில் சேர ஆன்லைனிலேயே படிவம் இருக்கிறது; பத்து நிமிட வேலை. கூடத் தங்கியிருக்கும் நண்பர்களையும் சேர்த்துவிடுங்கள். சேர்ந்ததும் உங்கள் வார்டில் ஜெயித்த எல்லாருடைய பெயரையும், ஒவ்வொருவரும் எத்தனையாவது சுற்றில் உள்ளே வந்தார் என்பதையும் எனக்கு எழுதுங்கள். கவுன்சில் தளத்தில் சுற்று வாரியாகப் போட்டிருப்பார்கள். ஏழாவது சுற்றிலோ எட்டாவது சுற்றிலோ கடைசி இடத்தைப் பிடித்தவருக்கு ஓட்டு யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் தவறாமல் பாருங்கள்.

அன்புடன்.